ஏட்டுச் சுரைக்காயும் கறிக்கு உதவும்

விழாத் தலைவர் அவர்களே, தம் வீட்டுச் சுவடிகளை நூலகத்துக்கு வழங்கி முன்னிலை வகிக்கும் புலவர் ஐயா அவர்களே, அரங்கம் தந்த நூலகர் அம்மையார் அவர்களே, வரவேற்புரை ஆற்றிய செயலாளர் அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

பழைய மாயக் கதைகள் பின்வந்த எழுத்தாளர்களுக்கு என்ன கொடுத்தன? பேவுல்ஃப் காப்பியம், ஆங்கிலத்தில் மாயக் கதைகள் எழுதிய வில்லியம் மோரிஸ், டன்சனி பிரபு என்று மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பார்கள். உதவிய கதையைக் கேளுங்கள்.

பேவுல்ஃப் 3182 அடிகள் கொண்ட பழைய ஆங்கிலக் காப்பியம். அதற்கு உலகத்திலேயே விலங்குத் தோலில் எழுதிய ஒரே ஒரு கையெழுத்துப் படிதான். 1731 அக்டோபர் 23 அன்று, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அது இருந்த மாளிகை தீப்பிடித்தது. சுவடிகளைச் சன்னல் வழியே வீசிக் காப்பாற்றினார்கள். காப்பியம் பிழைத்தது, ஓரம் கருகியது. கருகிய தோல் சும்மா இருக்குமா? புரட்டப் புரட்ட உதிர்ந்தது. 1787 வாக்கில் தார்கெலின் என்ற ஐஸ்லாந்து அறிஞர் இரண்டு படிகள் எடுத்தார். ஒன்று அவர் எழுதியது. மற்றதைக் கூலிக்கு எழுதியவருக்கு அந்த மொழியே தெரியாது; எழுத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்தார்! பின்னால் உதிர்ந்த சுமார் 2000 எழுத்துகளை அந்தப் படிகள்தான் காத்தன. 1845-இல் ஏடுகளைக் காகிதச் சட்டத்தில் ஒட்டினார்கள். உதிர்வது நின்றது; ஆனால் சட்டத்தின் விளிம்பு பின்பக்க எழுத்துகளை மூடிவிட்டது.

அந்தச் சிதைந்த ஏட்டில்தான், டிராகன் காக்கும் புதையலிலிருந்து ஒருவன் கிண்ணம் திருடுகிறான். அவன் யார் என்று சொல்லும் சொல்லில் முதலெழுத்து மட்டும் தெளிவு. அடிமை என்பார் சிலர், வீரன் என்பார் சிலர். பேவுல்ஃப் பாடம் நடத்திய ஆக்ஸ்போர்டு பேராசிரியர் டோல்கீன் 1937-இல் வெளியிட்ட 'தி ஹாபிட்' கதையிலும் ஒரு சின்ன ஆள் கிண்ணம் எடுக்கிறான், டிராகன் சீறிக் கிளம்புகிறது. பேவுல்ஃப் தமக்கு மூலம் என்று அவரே எழுதினார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவியதா இல்லையா?

மோரிஸ் எழுதிய நாவல் ஒன்றை மாணவர் டோல்கீன் 1914-இல் பரிசுப் பணத்தில் வாங்கினார். அதற்குமேல் விரிக்கவோ டன்சனி பிரபுவைப் பற்றிச் சொல்லவோ நேரமில்லை, தலைவர் பொறுத்தருள வேண்டும். நம் பரண்களில் ஒரே படியாகக் கிடக்கும் ஓலைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சுவடிக் கட்டை அவிழ்த்ததும் ஓலைகளின் வரிசையைக் குறியுங்கள். ஒவ்வோர் ஓலையையும் இருபக்கமும் படமெடுங்கள். நான்கு ஓரமும் தெரியட்டும், பக்கத்தில் அளவுகோல் இருக்கட்டும். ஒளி சாய்வாக விழுந்தால்தான் மை போன கீறல் தெரியும். ஒட்டுநாடா கூடாது, உரிக்கும்போது ஓலையின் மேல்தோலும் பெயர்ந்து வரும். லேமினேஷன் கூடவே கூடாது. ஏட்டுச் சுரைக்காயை யார் எப்போது சமைப்பார் என்று நமக்குத் தெரியாது, ஏடு இருக்க வேண்டும் அவ்வளவுதான்.

நூலகர் அம்மையாரின் மேசையில் பதிவேடு இருக்கிறது. வீட்டில் சுவடி உள்ளவர்கள் புறப்படும்முன் பெயர் எழுதிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.