மூக்குச்சளியை எடை போட்டவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் ஒருவருக்கு ஜலதோஷம் பிடிக்கிறது. எல்லோருக்கும் அதே சாப்பாடு, அதே காற்று, பல வீடுகளில் அதே துண்டு. ஆனாலும் நாலு பேரில் இரண்டு பேர் மூக்கைச் சிந்திக்கொண்டு கிடக்கிறார்கள், மற்ற இரண்டு பேர் எதுவும் நடக்காதது போல் நடமாடுகிறார்கள். “அவன் உடம்பு வாகு அப்படி” என்று சொல்லிவிட்டு நாமும் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அந்த ‘வாகு’ என்ற சொல்லுக்குள் என்னதான் இருக்கிறது என்று பல வருடங்கள் துருவிப் பார்த்த ஒரு உளவியல் பேராசிரியர் இருக்கிறார். பெயர் ஷெல்டன் கோஹன். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். அவருடைய சோதனைகளைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. முக்கியமாக, சளியை எப்படி அளந்தார்கள் என்பது பற்றி. சாப்பிட்டுக்கொண்டே கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனக்கவலைக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்று சொல்வது சுலபம், நிரூபிப்பதுதான் கஷ்டம். தலைவலியும் தும்மலுமாகப் படுத்திருப்பவரிடம் போய், “போன மாதம் மனசு எப்படி இருந்தது?” என்று கேட்டால், போன மாதமும் அவருக்குக் கசப்பாகத்தான் தெரியும். இன்னொரு சிக்கலும் உண்டு. கவலையில் இருப்பவர் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் அலைந்து திரிந்து நாலு இருமல்காரர்கள் நடுவே உட்கார்ந்திருப்பார். அவருக்குச் சளி பிடித்தது கவலையாலா, பக்கத்து சீட்டாலா?

இரண்டு சிக்கலையும் ஒரே அடியில் தீர்க்க ஒரு வழிதான் உண்டு. முதலில் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும்போதே மனநிலையை அளந்துவிடுவது. பிறகு, சம்மதித்து வந்தவர்கள் எல்லோருடைய மூக்கிலும் ஒரே வைரஸைச் சொட்டு விடுவது. ஆமாம், வேண்டுமென்றே சளி பிடிக்க வைப்பது.

இதற்கென்றே இங்கிலாந்தில் ஸாலிஸ்பரி நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சளி ஆராய்ச்சி நிலையம் இருந்தது. போர்க்காலத்தில் கட்டிய மருத்துவமனைக் கட்டடத்தில் 1946-இல் தொடங்கியது. அங்கே டேவிட் டிரெல், ஆண்ட்ரூ ஸ்மித் இருவரோடும் சேர்ந்து கோஹன் செய்த ஆய்வு 1991-இல் வெளிவந்தது. 394 பேருக்கு ஐந்து வகை வைரஸ்களில் ஒன்றைச் சொட்டு விட்டார்கள். மன அழுத்தம் குறைவாக இருந்தவர்களில் சுமார் 74 சதவீதம் பேருக்குத் தொற்று, அதிகம் இருந்தவர்களில் சுமார் 90 சதவீதம். ஆனால் உண்மையிலேயே ஜலதோஷமாகப் படுத்தியது 27 சதவீதத்திலிருந்து 47 சதவீதம் வரைதான். இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள், இதைத் திரும்பவும் சொல்வேன். வைரஸ் உள்ளே நுழைந்து பெருகுவது தொற்று. மூக்கு ஒழுகி ஆளைச் சாய்ப்பது நோய். தொற்றிய எல்லோருக்கும் நோய் வருவதில்லை.

சரி, நோய் வந்ததா இல்லையா என்று யார் சொல்வது? இங்கேதான் என் அபிமான விஷயம் வருகிறது.

பிட்ஸ்பர்க்கில் நடந்த சோதனைகளில், வந்தவர்களின் ரத்தத்தில் அந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பார்ப்பார்கள். அது நிறைய இருந்தால் சொட்டு பலிக்காது. பிறகு ஊர் மனிதர்களோடு கலக்காமல் தனியாகத் தங்கவைப்பார்கள். முதல் நாள் சொட்டு கிடையாது. வெளியிலிருந்தே யாராவது சளியோடு வந்திருந்தால் அன்று பிடிபட்டு வீட்டுக்குப் போவார். மற்றவர்களுக்குச் சொட்டு விட்டபின் ஐந்து நாள் கண்காணிப்பு.

அந்த ஐந்து நாளும் மூக்கைச் சிந்திய ஒவ்வொரு டிஷ்யூ காகிதமும் குப்பைக்குப் போகக் கூடாது. மூடிய பிளாஸ்டிக் பையில் போட வேண்டும். தினம் பையை எடை போட்டு, வெறும் பையின் எடை, காகிதத்தின் எடை இரண்டையும் கழித்தால் மிச்சம் சளி. பையை ஏன் மூட வேண்டும்? திறந்து கிடந்தால் ஈரம் காய்ந்து எடை குறைந்துவிடும். அதோடு, சொட்டு விடுவதற்கு முந்தைய நாளின் எடையையும் கழிப்பார்கள், ஏனென்றால் சிலருக்கு மூக்கு எப்போதுமே ஒழுகும். இத்தனையும் கழித்து, மொத்தம் 10 கிராமுக்குக் குறையாமல் தேறினால் அது ஜலதோஷக் கணக்கு. ஏறக்குறைய இரண்டு டீஸ்பூன் தண்ணீரின் எடை. மூக்கு ஒழுகாமல் அடைத்துக்கொண்டவர்களுக்கு வேறு வழி: மூக்கின் முன்பக்கம் சாயம் வைத்து, அது உள்நாசித் தொண்டைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பார்கள். வழக்கத்தைவிட 7 நிமிடம் கூடினால் இதுவும் கணக்கில் சேரும். கூடவே தொற்றும் நிரூபணமாக வேண்டும்: மூக்கைக் கழுவிய நீரில் வைரஸ் இருக்க வேண்டும், அல்லது ரத்தத்தில் ஆன்டிபாடி நான்கு மடங்கு ஏறியிருக்க வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு, ஆளையே கேட்டால் போதாதா என்றால், போதாது. 334 பேரை வைத்துச் செய்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், கலகலப்பாக இருப்பவர்களுக்கு ஜலதோஷம் குறைவாகவே வந்தது. எப்போதும் சோர்ந்து சலித்துக்கொள்பவர்களுக்கு? கூடுதலாக வரவில்லை. ஆனால் உடம்பில் தெரிந்ததைவிடப் புலம்பல் அதிகம். வாய்வார்த்தையை மட்டும் நம்பியிருந்தால் “சலித்துக்கொண்டால் சளி பிடிக்கும்” என்று எழுதியிருப்பார்கள். தராசு காப்பாற்றியது. கேள்வித்தாளை மட்டும் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் கேட்டுவிட்டு ‘நலவாழ்வு ஆய்வு’ என்று வருபவற்றைப் படிக்கும்போது, இந்த டிஷ்யூப் பையை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து தூக்கம். 153 பேர். சொட்டுக்கு முன்னால் தொடர்ந்து 14 நாள், முந்தைய இரவு எத்தனை மணிநேரம் தூங்கினீர்கள் என்று தினமும் கேட்டார்கள். 2009-இல் முடிவு வந்தது: சராசரியாக 7 மணிநேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, 8 மணிநேரமும் அதற்கு மேலும் தூங்கியவர்களைவிட ஜலதோஷம் வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதைவிடப் பெரிய சேதி, படுக்கையில் கிடந்த நேரத்தில் எவ்வளவு நேரம் தூக்கம் என்பதில் இருக்கிறது. எட்டு மணிநேரம் படுக்கையில் இருந்து, நாற்பது நிமிடம் புரண்டு புரண்டு படுத்திருந்தால் அந்த விகிதம் 92 சதவீதத்துக்குக் கீழே போய்விடும். பத்து நிமிடம்கூட விழித்திருக்காதவர்களோடு ஒப்பிட்டால் இவர்களுக்கு வாய்ப்பு ஐந்தரை மடங்கு. “நன்றாக ஓய்வெடுத்தது போல் இருந்ததா?” என்றும் கேட்டார்கள். அந்தப் பதிலுக்கும் ஜலதோஷத்துக்கும் தொடர்பே இல்லை! நாம் காலையில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது இந்தக் கேள்வியைத்தான்.

தூங்கியதையும் வாய்வார்த்தையாகவே கேட்டிருக்கிறார்களே என்று இந்நேரம் நீங்கள் பிடித்திருப்பீர்கள். நியாயம். அதனால்தான் 164 பேரின் மணிக்கட்டில் அசைவைப் பதியும் கருவியைக் கட்டி ஒரு வாரம் அளந்தார்கள், 2015-இல் வெளியானது. ஆறு மணிநேரத்துக்குக் கீழே தூங்கியவர்களுக்கு, ஏழு மணிநேரத்துக்கு மேல் தூங்கியவர்களைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இவர்களை யாரும் குறைவாகத் தூங்கச் சொல்லவில்லை, அவரவர் வழக்கத்தை அளந்தார்கள். ஆகவே தூக்கத்தைக் கெடுத்த ஏதோ ஒன்றே சளிக்கும் இடம் கொடுத்திருக்கலாம். வயது, பருவகாலம், பழைய ஆன்டிபாடி எல்லாவற்றுக்கும் சரிக்கட்டிப் பார்த்தும் கணக்கு நின்றது என்பதே இதன் பலம்.

உறவுகள் பற்றி 1997-இல் வந்தது, 276 பேர். கணவன் மனைவி, பெற்றோர், மாமனார் மாமியார், பிள்ளைகள், அக்கம்பக்கம், நண்பர்கள், கூட வேலை பார்ப்பவர்கள் என்று பன்னிரண்டு வகை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது நேரிலோ போனிலோ பேசியிருந்தால்தான் அந்த வகை கணக்கில் வரும். ஆபீஸில் ஐம்பது பேரோடு பேசினாலும் அது ஒரே வகைதான். மூன்று வகைக்குள் நின்றுவிட்டவர்களுக்கு, ஆறும் அதற்கு மேலும் உள்ளவர்களைவிட 4.2 மடங்கு வாய்ப்பு. வேடிக்கையைப் பாருங்கள், பலரோடு பழகுபவர்தான் கிருமியை வாங்கி வருவார் என்று நாம் நினைப்போம். இங்கே கிருமி எல்லோருக்கும் சமமாகக் கொடுத்தாகிவிட்டது.

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள், இன்னும் ஒரு நிமிடம்தான். காரணத்தை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாக: மூக்கு ஒழுகுவதும் அடைப்பதும் பெரும்பாலும் வைரஸ் செய்வதல்ல, அதை எதிர்க்கும் நம் உடம்பின் அழற்சி செய்வது. அந்த அழற்சியை ‘போதும்’ என்று அடக்குவது கார்ட்டிஸால் என்ற ஹார்மோன். நாட்பட்ட மன அழுத்தத்தில் அணுக்கள் கார்ட்டிஸாலின் பேச்சைக் கேட்பதை விட்டுவிடுகின்றன என்று 2012-இல் காட்டினார்கள். அதாவது பலவீனமான எதிர்ப்பு அல்ல, அடங்காத எதிர்ப்பு. 404 பேரிடம் பதினான்கு மாலைகள் போன் செய்து, “இன்று யாரோடாவது சண்டையா, யாராவது கட்டிப்பிடித்தார்களா?” என்று கேட்ட ஆய்வும் கையில் இருக்கிறது. அதற்கு நேரமில்லை. வணக்கம்.