முதல் ஆளை எப்போது சேர்ப்பது?

அவையில் கூடியிருக்கும் பெரியவர்களுக்கும் சிறுதொழில் செய்யும் சகோதர சகோதரிகளுக்கும் வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போட்டு விற்கும் எனக்கு, இந்தப் பொருளில் பேச ஒரேயொரு தகுதிதான் உண்டு. முதல் ஆளை நான் தவறான நேரத்தில் சேர்த்தவன்.

அது புரட்டாசி மாதம். தீபாவளிக்கும் ஐப்பசி முகூர்த்தங்களுக்குமாக ஆர்டர்கள் குவிந்தன. நானும் என் மனைவியும் இரவு பதினொரு மணிவரை பாக்கெட் கட்டியும் தீரவில்லை என்பதால், உறவில் ஒரு பையனை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டேன். ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்ததும், உளுந்து மாவும் பிரண்டைச் சாறும் அப்பளக்காரமும் வீட்டில் நிறைந்திருக்க, இட்ட அப்பளத்தைக் காயவைக்க வெயில் மட்டும் இல்லாமல் போயிற்று. பையன் திண்ணையில் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பான். நான் அவனைப் பார்ப்பேன். கார்த்திகையில் அவனை நிறுத்தினேன். அவன் தாயார் மறுபடி எங்கள் வாசற்படி ஏற இரண்டு வருடம் ஆயிற்று.

பண்டிகை நெரிசலுக்கு நாட்கூலிக்கோ உருப்படிக் கணக்குக்கோ ஆள் வைத்துச் சமாளித்துவிடலாம். மாதச் சம்பளத்துக்கு ஒருவரை அழைப்பதானால், மந்தமான மாதத்திலும் வரும் ஆர்டரை 'முடியாது' என்று திருப்பி அனுப்புகிறோமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டாம் முறை சேர்ப்பதற்கு முன் ஒரு மாதம் நான் நோட்டுப் போட்டு என் ஒவ்வொரு மணி நேரத்தையும் எழுதினேன். உளுந்து பார்த்து வாங்குவதும் மாவுப் பக்குவமும் என் கையை விட்டுப் போக முடியாதவை. ஆனால் பகலில் பாதி, எண்ணி அடுக்கிப் பாக்கெட் போடுவதிலும் அம்பாசமுத்திரம், வீரவநல்லூர்க் கடைகளுக்கு மூட்டை கொண்டு போவதிலும் கரைந்திருந்தது. ஒரு வாரத்தில் பிறருக்குச் சொல்லிக்கொடுத்துவிடக்கூடிய அந்த வேலைக்குத்தான் ஆள் தேவை என்பது அந்த நோட்டைப் பார்த்த பிறகே எனக்கு உறைத்தது.

பணத்தையும் சொல்கிறேன். மாதம் 12,500 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். எல்லாச் செலவும் போக ஒரு பாக்கெட்டில் 10 ரூபாய் நிற்குமானால், அந்தச் சம்பளத்தை ஈடுகட்ட மட்டும் மாதம் 1,250 பாக்கெட், அதாவது 25 நாள் வேலைக்கு நாளொன்றுக்கு 50 பாக்கெட் கூடுதலாக விற்க வேண்டும். விற்குமா என்று கடைக்காரர்களிடம் நேரில் கேளுங்கள். அதோடு மூன்று மாதச் சம்பளமான 37,500 ரூபாயை முன்கூட்டியே தனியாக எடுத்து வையுங்கள். எடுத்து வைக்க முடியவில்லையென்றால், நம்மை நம்பி வருபவரின் அடுப்பை நாம் சூதாட்டத்தில் வைக்கிறோம் என்று பொருள்.

சட்டத்தை எண்ணிப் பலர் அஞ்சுகிறார்கள். பத்துப் பேர் ஆகும்போது ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீடு, இருபது பேர் ஆகும்போது வருங்கால வைப்பு நிதி என்பது பொதுவான வரம்பு. ஓர் ஆளை வைப்பவருக்கு அந்தச் சுமை வருவதில்லை. ஆனாலும் கடையில் நிற்பவருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டதை நினைவில் வையுங்கள். ஆளுக்கு முன்பே ஒரு ஸ்டூல் வாங்கிவிடலாம், விலை அதிகமில்லை.

மாசி மாதம், நல்ல வெயிலில், பக்கத்துத் தெரு அம்மாள் ஒருவரை அழைத்துப் பேசினேன். வேலை என்ன, நேரம் என்ன, மழைக்காலத்திலும் சம்பளம் உண்டு என்பதையெல்லாம் விளக்கி முடித்ததும் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "எந்தத் தேதியில சம்பளம் தருவீய, அண்ணாச்சி?" ஐந்தாம் தேதி என்றேன். அதைச் சுவர்க் காலண்டரில் அவர் கண் முன்னாலேயே வட்டமிட்டுக் காட்டிய பிறகுதான் அவர் பாக்கெட் கட்ட உட்கார்ந்தார்.