தூணில் மிச்சமிருக்கும் கை

அவையோருக்கு வணக்கம். இன்று தியோடரிக் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், "ரோமைக் கொள்ளையடித்தவர்தானே?" என்று கேட்டார். இல்லை. 410இல் ரோமைச் சூறையாடியவர் ஜெர்மானியக் கோத் இனத்தின் ஒரு கிளையான விசிகோத்களின் அரசர் அலாரிக். நம்முடையவர் 493 முதல் 526 வரை வட இத்தாலிய நகரமான ராவென்னாவிலிருந்து இத்தாலியை ஆண்டவர், அதே இனத்தின் இன்னொரு கிளையான ஆஸ்ட்ரோகோத்களின் அரசர். ரோமின் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கச் செய்தவர். அவர் பெயர் முத்திரையிட்ட செங்கற்கள் அங்கே கிடைத்திருக்கின்றன. கூர்வளைவு கொண்ட 'கோதிக்' தேவாலயங்களுக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அந்தப் பாணி பிறந்தது 12ஆம் நூற்றாண்டுப் பிரான்சில்.

எனக்கு எரிச்சலூட்டுவது அவர் எழுத்தறிவில்லாதவர் என்ற கதைதான். 'படித்தேன்' என்று பொருள்படும் நான்கெழுத்து லத்தீன் சொல்லைப் பொன் தகட்டில் வெட்டி, அதன் மேல் பேனாவை ஓட்டித்தான் கையெழுத்திட்டாராம். இதே நான்கெழுத்துக் கதையை, பொன்னுக்குப் பதில் மரப்பலகை வைத்து, கிழக்கு ரோமப் பேரரசர் ஜஸ்டினைப் பற்றி வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதியிருக்கிறார். ஒரே சட்டையை இரண்டு பேருக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்! சிறுவயதில் பிணைக்கைதியாகப் போய், கிழக்கு ரோமின் தலைநகர் கான்ஸ்டான்டினோப்பிளில் பத்தாண்டு வளர்ந்தவருக்கு நான்கு எழுத்து வராமலா போயிருக்கும்?

அதற்காக அவரை மகானாக்கவும் வேண்டாம். சமாதானம் பேசி விருந்துக்கு அழைத்த, தனக்கு முன் இத்தாலியை ஆண்ட ஓடோவாக்கரைத் தன் கையாலேயே வெட்டினார். அறிஞர் போயத்தியஸைச் சிறையிலிட்டுக் கொன்றதும் அவர் ஆட்சிதான். ஆனால் கத்தோலிக்கரல்லாத ஏரியன் கிறிஸ்தவரான (ஏரியஸ் என்ற குருவின் வழி வந்த பிரிவு, ஆரிய இனமல்ல) அவர் பெயரில் ஜெனோவா யூதர்களுக்குப் போன கடிதம், "மதத்தை நாம் கட்டளையிட முடியாது, விரும்பாமல் நம்பும்படி எவரையும் கட்டாயப்படுத்த இயலாது" என்கிறது. எழுதியவர் அவருடைய அரசவை அதிகாரி காசியோடோரஸ், முத்திரை அரசருடையது.

ஜெர்மானியக் கதைப்பாடல்களோ அவரை ஹூணர்களின் அரசன் அட்டிலாவின் அவையில் அடைக்கலம் புகவைத்தன. அட்டிலா 453இல் இறந்தபோது இவர் பிறந்திருந்தாலும் கைக்குழந்தை.

540இல் கிழக்கு ரோமப் பேரரசர் ஜஸ்டினியனின் படை ராவென்னாவைப் பிடித்தது. தியோடரிக் கட்டிய, இன்று சான்ட் அப்போலினாரே நுவோவோ எனப்படும் தேவாலயம் பிறகு கத்தோலிக்கர் வசமானது. அங்கே அவர் அரண்மனையைக் காட்டும் மொசைக் ஓவியம் ஒன்று உண்டு. தூண்களுக்கு இடையே நின்ற உருவங்களைப் பெயர்த்தெடுத்து, அந்த இடத்தில் வெள்ளைத் திரைச்சீலைகளைப் பதித்துவிட்டார்கள். ஆனால் வெள்ளைத் தூண்களின் மேல் விழுந்திருந்த கைகளை எடுக்கவில்லை. உடலில்லாத அந்த விரல்களை இன்றும் அங்கே போய்ப் பார்க்கலாம்.