வலிச்சது ஓரிடம், விழுந்தது ஓரிடம்

[காட்சி: இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டம். லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) இஸ்தோப்பு, அதாவது முன்திண்ணை. பொழுது சாயும் நேரம். தரையில் கவிழ்ந்து கிடக்கும் ஒரு கோப்பை.]

எனக்கு அப்ப 7 வயசு. அம்மா மலையில இருந்து வந்து, இடுப்புப் படங்க அவுத்து இஸ்தோப்புல போட்டாங்க. நான் பிளேன்டீ கோப்பையத் தூக்கிக்கிட்டு அவங்ககிட்ட ஓடினேன். கால் தடுக்கி அவ்வளவும் தரையில. உடனே கன்னத்துல ஒரு அறை. கோப்ப கூட உடையல. ஆனா காது வரைக்கும் சுட்டுச்சு.

ராத்திரி அம்மா அதப்பத்தி ஒண்ணும் பேசல. ரொட்டி சுட்டாங்க. மத்தவங்களுக்கு ஒவ்வொண்ணு, எனக்கு மட்டும் ரெண்டு. ரெண்டாவது ரொட்டி மேல கட்டசம்பல் கொஞ்சம் கூடுதலாவே இருந்துச்சு. அம்மா மன்னிப்பு கேட்ட விதம் அதுதான்னு விளங்குறதுக்கு எனக்குப் பல வருஷம் ஆச்சு.

அந்த நாளோட முன்பாதி எனக்குத் தெரிய வந்தது நான் வேலைக்குப் போன பிறகு. அன்னைக்கி அந்தி நிறுவையில அம்மாவோட கொழுந்து மொத்தம் 19 கிலோ வந்திருக்கு. சாக்குக்கும் தண்ணிக்கும்னு 2 கிலோ கழிச்சி 17ன்னு எழுதிட்டாங்க. அந்தத் தோட்டத்துல அப்ப 18 கிலோ எடுத்தாத்தான் முழுப் பேர். இல்லேன்னா அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். அதோட விட்டிருந்தா கூட பரவால்ல. தராசுல கொழுந்த நிறுத்த ஆள் அத்தனை பொம்பளைங்களுக்கு முன்னால, “வாய் ஓடுற வேகத்துக்கு கை ஓடியிருந்தா 18 வந்திருக்கும்”னு சொல்லிச் சிரிச்சிருக்காரு. அம்மா ஒரு வார்த்தை பேசல. கூடைக் கயித்தத் தலையில சரி பண்ணிக்கிட்டு இறங்கி வந்துட்டாங்க. பகல் பூரா வெயில்ல காஞ்ச தலை, இறங்கி வர்றப்ப இன்னும் கொதிச்சிச்சாம்.

அப்ப அந்த அறை எனக்குன்னு வந்தது இல்ல. விலாசம் மாறி வந்த அறை.

வணக்கம் உறவுகளே. ஒருத்தர் நம்மள நோகடிச்சா நாம என்ன செய்யிறோம், ஏன் அப்படிச் செய்யிறோம்? இன்னைக்கு அதப் பத்தித்தான் பேசப் போறேன். மனசப் பத்தி ஆராய்ச்சி செஞ்சவங்க கண்டுபிடிச்சதையும் சொல்றேன். நம்ம லயத்துல, மலையில, தண்ணி பிடிக்கிற பீலிக்கரையில நடக்குறதையும் சொல்றேன். ரெண்டையும் சேர்த்து வச்சுப் பார்த்தாத்தான் எனக்கு இது விளங்கிச்சு.

[காட்சி: வரைபடம். மூளை, இதயம், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பி.]

முதல்ல உடம்பு. ஒரு சொல்லு சுருக்குன்னு குத்தின உடனே, மூளைக்குள்ள அமிக்டலான்னு ஒரு சின்னப் பகுதி ஆபத்துன்னு மணி அடிக்குது. அட்ரினலின் சுரக்குது. நெஞ்சு படபடக்குது, கை நடுங்குது, தொண்டை அடைக்குது. அமெரிக்க உடலியல் அறிஞர் வோல்ட்டர் கெனன் 1915ல இதுக்கு வச்ச பேரு, சண்டையா ஓட்டமா. புலி வந்தா அடி, இல்லேன்னா ஓடு. உடம்புக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ஆனா முன்னால நிக்கிறது புலி இல்லையே, தராசு பிடிச்சிருக்கிற ஆளாச்சே! அவர அடிக்கவும் முடியாது, விட்டுட்டு ஓடவும் முடியாது. நாளைக்குக் காலையில வேலை பிரிச்சுக் குடுக்குற பிரட்டுக் களத்துல அவர் முகத்துலதான் முழிக்கணும்.

அப்ப கொதிச்சது எங்க போகும்? 1939ல யேல் பல்கலைக்கழகத்துல ஜோன் டொலார்டும் அவர் கூட்டாளிகளும் இதத்தான் எழுதினாங்க. கோபமூட்டினவர நோக்கித் திரும்புறது ஆபத்துன்னா, கோபம் திருப்பி அடிக்க முடியாத ஆள் பக்கம் போகும்னு. தோட்டத்து மேனேஜர், அதான் துரை, கணக்கப்புள்ளையத் திட்டுறாரு, கணக்கப்புள்ள கங்காணியத் திட்டுறாரு, கங்காணி கொழுந்து எடுக்குற பொம்பளையத் திட்டுறாரு, அவ வீட்டுக்கு வந்து புள்ளைய அடிக்கிறா. புள்ள போயி நாய உதைக்குது. ஆம்பளைங்க விசயத்துல இதுக்கு இன்னொரு கிளையும் இருக்கு. சம்பளத் துண்டப் பார்த்த கோபம் சாராயக் கடைக்குப் போயி, அங்க இருந்து பொண்டாட்டி மேல வந்து விழும். எத்தனை காம்பராவுல, அதாவது லயத்து அறையில, இத நாம சுவர் வழியா கேட்டிருக்கோம். கேட்டும் கேட்காத மாதிரி படுத்திருக்கோம்.

நொந்தவங்க செய்யக்கூடியத கெரல் ரஸ்பல்ட்ங்கிற உளவியலாளர் 1980கள்ல நாலா பிரிச்சாங்க. விட்டுப் போறது, வாய் திறந்து பேசுறது, சரியாகும்னு பொறுத்திருக்கிறது, கண்டுக்காம மெல்ல மெல்ல கைவிடுறது. அவங்க பார்த்தது காதலர்கள, தம்பதிகள. இத நம்ம மலைக்குக் கொண்டு வந்தா உடனே ஒரு கேள்வி வருது. விட்டுப் போறதுன்னா எங்க போறது? நம்ம பாட்டன் காலத்துல தோட்டம் மாறணும்னா துண்டு வேணும். கடன் இவ்வளவு, கட்டினா இவங்கள விடுறோம்னு துரை குடுக்குற சீட்டு அது. 1921லதான் அத ஒழிச்சாங்க. அதுக்கு முன்னால மனசு வெறுத்தவங்க ராத்திரியோட ராத்திரியா காட்டு வழியில ஓடினாங்க. இன்னைக்கு துண்டு இல்ல. ஆனா வேலைய விட்டா லயத்துக் காம்பரா போயிருமேங்கிற பயம் இருக்கே.

அதனால ஒண்ண அழுத்திச் சொல்றேன். நிறுவையில வாய மூடிக்கிட்டு நின்ன அம்மாவ கோழைன்னு சொல்லாதீங்க. “நேருக்கு நேர் பேசுங்க, மனசத் திறந்து சொல்லுங்க”ன்னு நிறைய வீடியோவுல சொல்றாங்க. அது ரெண்டு பேரும் சம நிலத்துல நிக்கிறப்ப சரி. உங்க பேர எழுதுற பேனா எதிராளி கையில இருக்குறப்ப, தனியா வாய் திறக்கிறவங்களுக்கு அதுக்கு ஒரு விலை இருக்கு. அந்த இடத்துல பேச்சுக்குக் கூட்டு வேணும். 1931ல அட்டன்ல கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குன்னு ஒரு சம்மேளனம் தொடங்கினாரே, அது நடந்தது தோட்டத்துக்குள்ள வெளியாள் சும்மா கால் வைக்க முடியாத காலத்துல. புடவை வியாபாரி மாதிரி உள்ள போனாருன்னு சொல்வாங்க. அவர் மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்கள்ல பாட்டாவே பாடினாங்க. ஒருத்தி தனியா சொல்ல முடியாதத நூறு பேர் சேர்ந்து பாட முடிஞ்சிச்சு.

[காட்சி: பீலி. வரிசையாக வைத்த குடங்கள். ஒரு கோழி.]

சரி, சம நிலத்துல இருக்கிறவங்க மட்டும் நேரா பேசிடுறோமா? இல்லையே. பக்கத்துக் காம்பராக்காரி நோகடிச்சா நாம என்ன செய்யிறோம்? சாடை பேசுறோம்.

பீலிக்கரையில நீங்களும் பார்த்திருப்பீங்க. அந்தப் பக்கத்துக் காம்பரா மதினி குடத்தோட வந்து நிப்பா. அவளுக்குக் கேக்குற மாதிரி, ஆனா அவளப் பார்க்காம, அவ கோழியப் பார்த்து ஒரு குரல் போகும். “ஏ கோழி, ஒனக்கு வெக்கமே இல்லியா? எந்த வீட்டுத் தோட்டத்துல கிளறுறோம்னு ஒரு ரோசம் வேணாம்?” கோழிக்கு ரோசம் எங்க இருக்கு? மதினி சும்மா இருப்பாளா? இடுப்புல இருக்கிற கைக்குழந்தைகிட்ட சொல்லுவா. “வாடா தங்கம், நாம போவம். நாலு கீரைக்கு நாலு ஊர் கேக்க கத்துறவங்க இருக்கிற எடம் இது.” ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் ஒண்ணுமே சொல்லல. கேட்டா, “நான் கோழியத்தான் சொன்னேன்”பாங்க. ஆனா ரெண்டு பேர் மனசுலயும் முள்ளு இறங்கிருச்சு.

இதுல ஒரு புத்திசாலித்தனமும் இருக்கு. ஒரு சுவரு, ஒரு கூரை, ஒரு பீலி. வெள்ளைக்காரன் காலத்துல கட்டின லயத்துல அடுத்தவங்க இருமினா நமக்குக் கேக்கும். அப்படிப்பட்ட இடத்துல நேரா மோதினா நாளைக்கு மூஞ்சில முழிக்க முடியாது. சாடை பேசினா திரும்பி வர ஒரு வழி இருக்கும். அது நியாயம்தான். கஷ்டம் என்னன்னா, சாடை பேச்சுக்குப் பதில் சொல்ல முடியாது. “கோழி கிளறினது தப்புதான் மதினி, நாளையில இருந்து அடைச்சு வைக்கிறேன்”னு சொல்ல அவளுக்கு வாய்ப்பே கிடைக்கல. விசயம் கோழியில இருந்து குணத்துக்குப் போயிருது. அப்புறம் பேச்சு வார்த்தை நின்னுரும். ஒரு வருசம், ரெண்டு வருசம். எங்க லயத்துல ரெண்டு வீடு 4 வருசம் பேசாம இருந்துச்சு. சீனி வேணும்னா புள்ளைங்க வழியா தூது போகும். கடைசியில ஒரு வீட்டுல பெரியவரு தவறிட்டாரு. அன்னைக்கி மத்த வீட்டு அம்மாதான் முதல் ஆளா பெரிய கேத்தல்ல தேத்தண்ணி ஊத்திக்கிட்டு வந்தாங்க. சாவு வீட்டுல பகை பார்க்குறது நம்ம வழக்கம் இல்ல. கட்டிப்பிடிச்சு அழுதாங்க. எதுக்குப் பேசாம இருந்தோம்னு கேட்டா ரெண்டு பேருக்கும் சரியா ஞாபகம் இல்ல.

பேசாம இருக்கிறது ஏன் அவ்வளவு நோகுது? 2003ல அமெரிக்காவுல நயோமி ஐசன்பெர்கரும் கூட்டாளிகளும் ஒரு சோதனை செஞ்சாங்க. ஒருத்தர ஸ்கேன் இயந்திரத்துல படுக்க வச்சு, கம்ப்யூட்டர்ல மூணு பேர் பந்து எறியிற ஒரு விளையாட்டு. கொஞ்ச நேரத்துல மத்த ரெண்டு பேரும் இவருக்குப் பந்தே போடாம விட்டுருவாங்க. அவ்வளவுதான். திட்டல, அடிக்கல. ஆனா உடம்பு வலிக்கிறப்ப வேலை செய்யிற ஒரு மூளைப் பகுதி, அப்பவும் வேலை செஞ்சிச்சு. ரெண்டு வலியும் ஒண்ணுதான்னு அர்த்தம் இல்ல, பின்னால வந்த ஆய்வுகள் வித்தியாசத்தையும் காட்டியிருக்கு. ஆனா முகம் தெரியாத ஆள் பந்து போடலன்னாலே அப்படின்னா, தினமும் பீலியில பார்க்கிற மதினி முகத்தத் திருப்பிக்கிட்டா எப்படி இருக்கும்?

கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன நம்ம பொடியன்களக் கேளுங்க. “ஊர் எது தம்பி?”ன்னா, “கண்டி”ம்பான். தோட்டத்துப் பேரச் சொல்ல மாட்டான். சொன்னா அடுத்து வர்ற வார்த்தை என்னன்னு அவனுக்குத் தெரியும். ஒளிஞ்சுக்கிறதும் நொந்த மனசு எடுக்கிற ஒரு வழிதான். 1948ல சட்டம் போட்டு நம்ம ஆக்களோட குடியுரிமையப் பறிச்ச நாட்டுல, இதுக்கு அந்தப் பொடியன மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

[காட்சி: சுவர்க் கடிகாரம்.]

“கத்தித் தீர்த்துட்டா மனசு ஆறிரும்”னு நம்ம எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கு. எனக்கும் இருந்துச்சு. பிராட் புஷ்மன்ங்கிறவர் 2002ல வெளியிட்ட ஆய்வுல 600 மாணவர்களுக்கு வேணும்னே கோபமூட்டினாங்க, அவங்க எழுதின கட்டுரையக் கேவலமா விமர்சிச்சு. ஒரு பகுதியினர் விமர்சிச்ச ஆளயே நினைச்சுக்கிட்டு குத்து மூட்டையக் குத்தினாங்க. இன்னொரு பகுதியினர் சும்மா உக்காந்திருந்தாங்க. கடைசியில கூடக் கோபமா இருந்தது குத்தினவங்க. சும்மா இருந்தவங்ககிட்ட கோபமும் குறைவு, வெறியும் குறைவு. திட்டுனத திரும்பத் திரும்ப அசைபோடுறதுதான் அடுப்புக்கு விறகு. பகல்ல நடந்தத ராத்திரி அக்காகிட்ட, காலையில மாமிகிட்ட, மலையில நிரையில நிக்கிற எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி ஊதிக்கிட்டே இருந்தா அது எப்படி அணையும்?

இந்த இடத்துல பாரமான ஒரு விசயம் சொல்லணும். 1995ல இலங்கையில ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் அளவுல தற்கொலையில போனாங்க. ரொம்ப ஆபத்தான பூச்சி மருந்துகள அரசாங்கம் தடை செஞ்ச பிறகு அது பெருமளவு குறைஞ்சிச்சு. உயிர் பிழைச்சு ஆஸ்பத்திரியில இருந்தவங்ககிட்ட கேட்டப்ப, பாதிக்கும் மேல, யோசிச்சது அரை மணித்தியாலத்துக்கும் குறைவுன்னு சொல்லியிருக்காங்க. ஒரு சண்டை, ஒரு சொல்லு, ஒரு அவமானம், அப்புறம் அந்த அரை மணித்தியாலம். அந்த நேரத்துல பக்கத்துல யாராவது இருந்தா, கதவத் தட்டி “தேத்தண்ணி குடிக்கிறியா?”ன்னு கேட்டா, ஒரு உயிர் மிஞ்சும். உங்க வீட்டுல யாராச்சும் மனசு ஒடிஞ்சு பேசினா தனியா விடாதீங்க. 1926க்குப் போன் பண்ணுங்க. தேசிய மனநல உதவி இலக்கம் அது.

இப்ப, நொந்தத எப்படிச் சொல்றது? உடம்பு அடங்குற வரைக்கும் பேச வேணாம். கொழுந்து மலையில இருந்து நேரா வீட்டுக்குள்ள நுழையாம, பீலியில முகம் கழுவிட்டு பத்து நிமிசம் உக்காந்துட்டு வாங்க. இது சின்ன விசயமாத் தெரியும். ஆனா அந்தப் பத்து நிமிசம் அன்னைக்கி எங்க அம்மாவுக்குக் கிடைச்சிருந்தா, எனக்கு ரெண்டாவது ரொட்டி கிடைச்சிருக்காது. எனக்கு அது பரவால்ல.

அதுக்கப்புறம் பேசுறப்ப குணத்தத் தொடாதீங்க, நடந்தத மட்டும் சொல்லுங்க. “நீங்க எப்பவும் இப்படித்தான்”னா சண்டை. “மதினி, கோழி மூணாவது தடவையா கீரைப் பாத்திய கிளறிருச்சு”ன்னா பேச்சு. அப்படியும் தீரலன்னா, 1988ஆம் வருசத்து 72ஆம் இலக்கச் சட்டத்துல வந்த மத்தியஸ்த சபை இருக்கு. மூணு பேர் உக்காந்து ரெண்டு பக்கமும் கேப்பாங்க. வக்கீல் வரத் தேவையில்ல. அயல் வீட்டுச் சண்டையெல்லாம் பொலிசுக்குப் போயி வளர்றத விட அது எவ்வளவோ மேல்.

போன தைப்பொங்கலுக்கு வீட்டுக்குப் போனப்ப அம்மாகிட்ட கேட்டேன். அம்மா இப்ப பென்சன். இஸ்தோப்புல உக்காந்து கீரை ஆஞ்சிக்கிட்டு இருந்தாங்க. “அம்மா, அன்னைக்கி நிறுவையில அந்த ஆள்கிட்ட ஒண்ணு சொல்ல முடிஞ்சிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?” கெட்ட வார்த்தை ஏதாச்சும் வரும்னு நினைச்சேன். அம்மா கை நிக்கல. கீரைத் தண்டக் கிள்ளிக்கிட்டே சொன்னாங்க:

“ஐயா, இன்னைக்கி மழையே பெய்யலியே. தண்ணிக்கு எதுக்குக் கழிக்கிறீங்க?”

[காட்சி: கீரை ஆயும் கைகள். ஒலி மெல்ல அடங்குகிறது.]