மட்டமில்லாத கடல் மட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

ரயில் நிலையங்களின் மஞ்சள் பலகையில், ஊர்ப் பெயருக்குக் கீழே, அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று சிறிய எழுத்தில் எழுதியிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடல் எங்கும் ஒரே மட்டத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அந்த எண்ணை நாம் படிக்கிறோம். தண்டையார்பேட்டையில் பல ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக் கொடுத்த நானும் நெடுங்காலம் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

என்னிடம் படித்த ஒருவர் இப்போது காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறார். ஒருநாள் அவர் தம் கைப்பேசியை என் முன்னால் நீட்டி, "இன்னா சார் இது, போட்டு தண்ணி மேலதான் கீது, இது மைனஸ் எண்பத்தஞ்சுன்னு காட்டுது" என்றார். செயற்கைக்கோள்களைக் கொண்டு உயரம் கணிக்கும் செயலி அது. கைப்பேசி பழுதாகியிருக்கும் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். உண்மையில் அந்த எண்ணில் பிழை ஏதுமில்லை என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டபோது, அவர் வீடு தேடிச் சென்று அதைச் சொல்லிவிட்டு வந்தேன். அன்று அவரிடம் சொன்னதைத்தான் இன்று உங்களிடமும் சொல்ல வந்திருக்கிறேன்.

பூமி துருவங்களில் சற்றே தட்டையான ஓர் உருண்டை. அந்த வடிவத்தைக் கணிதத்தால் வழவழப்பாக வரைந்துகொண்டு, அந்தக் கற்பனைப் பரப்பிலிருந்துதான் செயற்கைக்கோள் முறை உயரத்தை அளக்கத் தொடங்குகிறது. உண்மையான கடல் அந்தப் பரப்போடு ஒட்டி நிற்பதில்லை. நியூகினித் தீவை ஒட்டிய கடற்பகுதியில் அது ஏறத்தாழ 85 மீட்டர் மேடாக எழுந்து நிற்கிறது. இலங்கைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில், ஏறத்தாழ 106 மீட்டர் பள்ளமாக இறங்கிக் கிடக்கிறது. அண்ணா சாலையில் நிற்கும் எல்ஐசி கட்டடத்தைப் போல இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எவ்வளவு உயரம் வருமோ அவ்வளவு ஆழம். உலகக் கடல்களில் இதைவிடப் பெரிய பள்ளம் வேறெங்கும் இல்லை. நம் சென்னைக் கரை அந்தப் பள்ளத்தின் சரிவிலேயே இருப்பதால்தான், காசிமேட்டில் கட்டிக் கிடக்கும் படகும் அந்தக் கற்பனைப் பரப்புக்கு எண்பது மீட்டருக்கும் கீழே மிதக்கிறது.

பள்ளம் என்றால் சுற்றியுள்ள தண்ணீர் அதற்குள் பாய்ந்து நிரப்பிவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். இதற்கான விடை நம் தெருவில் வீடு கட்டும் கொத்தனாரிடமே இருக்கிறது. நீளமான குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பவரும், தூக்குக்குண்டு கட்டிச் சுவரின் நேர்நிலை பார்ப்பவரும் அவர்தான். அந்த இரண்டுமே புவியீர்ப்பையன்றி வேறெதற்கும் கட்டுப்படுவதில்லை. நின்ற நீரின் பரப்பு தூக்குக்குண்டின் நூலுக்கு எப்போதும் செங்குத்தாகவே அமையும். பூமியின் உள்ளே கனமான பொருள் மிகுந்திருக்கும் இடம் நீரைத் தன் பக்கம் கூடுதலாக இழுத்துக் குவிக்கிறது. கனம் குறைந்த இடத்தில் நீர் தாழ்ந்து நிற்கிறது. அந்தப் பள்ளத்தின் நடுவே நீங்கள் தூக்குக்குண்டைப் பிடித்தாலும் கடல் அதற்குச் செங்குத்தாகவே இருக்கும் என்பதால், பாய்வதற்குத் தண்ணீருக்கு அங்கே இறக்கம் என்று எதுவும் இல்லை. சரிவும் கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் என்பதால் எந்த மாலுமியின் கண்ணுக்கும் அது தட்டுப்படுவதில்லை.

தூக்குக்குண்டு எல்லா இடத்திலும் பூமியின் மையத்தை நோக்கித் தொங்குவதில்லை என்பதை உலகுக்கு உணர்த்திய கதைக்கும் நம் ஊரில் ஒரு தொடக்கம் உண்டு. 1802 இல் ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைக்கு அருகே, மற்ற எல்லா அளவுக்கும் அடிப்படையான நேர்கோட்டை அளந்து தொடங்கிய நில அளவை வடக்கே இமயமலை அடிவாரம்வரை சென்றபோது, கலியான்பூர், கலியானா என்ற இரு அளவை நிலையங்களுக்கு இடையே தரையில் அளந்த கணக்கும், தூக்குக்குண்டை வைத்து விண்மீன்களைப் பார்த்துப் போட்ட கணக்கும் 5 விகலைக்குச் சற்று மேல் முரண்பட்டன (ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு ஒரு விகலை). இமயமலை தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுத்திருக்க வேண்டும் என்று எண்ணிய பாதிரியார் ஜான் பிராட், 1855 இல் மலையின் எடையைக் கணக்கிட்டுப் பார்த்தார். அவருக்கு 15 விகலைக்கு மேல் விடை வந்தது. அத்தனை பெரிய மலை இவ்வளவு குறைவாக இழுப்பானேன் என்ற கேள்வியிலிருந்துதான், மலைகளுக்கு அடியில் கனம் குறைந்த பாறை ஆழமாகப் புதைந்து அவற்றைத் தாங்கி நிற்கிறது என்ற அறிவு பிறந்தது. வந்த பிழையைத் திருத்திவிட்டுப் போகாமல், அது ஏன் வந்தது என்று கேட்டவர்களை எண்ணும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

இந்தியப் பெருங்கடல் பள்ளத்தை 1948 இல் டச்சு அறிவியலாளர் வெனிங் மைனெஸ் கண்டறிந்தார். அதன் காரணம் பல பத்தாண்டுகள் விளங்காமலே இருந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள், கடந்த 14 கோடி ஆண்டுகளில் நிலத்தட்டுகள் நகர்ந்த விதத்தைக் கணினியில் மறுபடியும் நிகழ்த்திப் பார்த்து, 2023 இல் ஒரு விளக்கம் தந்தார்கள். இந்தியா வடக்கு நோக்கி நகர்ந்தபோது இடையில் இருந்த டெத்திஸ் என்னும் பழங்கடலின் அடித்தளம் பூமிக்குள் அமிழ்ந்தது. அது ஆப்பிரிக்காவுக்கு அடியில் கிடந்த வெப்பமான பொருளைக் கலக்கிவிட, கனம் குறைந்த அந்தப் பொருள் பெருங்கடலுக்கு அடியில் எழுந்து பரவியதால் அங்கே ஈர்ப்பு குறைந்தது என்பது அவர்களின் முடிவு. இந்தப் பள்ளம் இன்றைய உருவத்தைப் பெற்று ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகள் ஆகின்றன என்றும் அவர்கள் கணித்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் காசிமேட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லி முடித்தபோது, படகோட்டியின் தந்தை ஒன்றைச் சேர்த்தார்: ஐப்பசி, கார்த்திகையில் கடல் தானாகவே சற்று உயர்ந்து நிற்கும் என்றார். அதுவும் உண்மை. வாடைக்காற்றும் வடக்கிலிருந்து கரையோரமாக இறங்கும் நீரோட்டமும் வங்கக் கடலின் உப்புக் குறைந்த நீரும் சேர்ந்து, மழைக்காலத்தில் சென்னைக் கரையின் சராசரி மட்டத்தைக் கோடைத் தொடக்கத்தைவிட உயர்த்திவிடுகின்றன. கொசஸ்தலை ஆற்று வெள்ளம் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்து சேரும் அதே மாதங்களில் கடலும் உயர்ந்து நிற்பது, வெள்ளம் வடிய அவ்வளவு நேரம் பிடிப்பதற்கு ஒரு காரணம். எந்த மாதத்தில் துறைமுகச் சுவரில் நீர் எந்தக் கல்வரைக்கும் ஏறும் என்பதை அந்தப் பெரியவர் விரலால் தொட்டுக் காட்டுவார்.

வணக்கம்.