கடைசியில் ஒரு எஸ் சேர்த்தால் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம். கம்பெனி பதிவு செய்துகொடுப்பது என் தொழில். கொஞ்ச நாள் முன்பு அப்பளத் தொழில் செய்யும் அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். அவர்கள் ஆசைப்பட்ட பெயரில் ஏற்கெனவே ஒரு கம்பெனி இருக்கிறது. "அதனாலென்ன சார், கடைசியில ஒரு எஸ் சேர்த்தாச்சு, மதுரைன்னு போட்டாச்சு, பக்கத்துல 2 வேற இருக்கு" என்று தாளை நீட்டினார் தம்பி.

பென்சிலை எடுத்தேன். எஸ்ஸை அடித்தேன். மதுரையை அடித்தேன். 2, அப்புறம் பிரைவேட் லிமிடெட். தாளில் மிச்சமிருந்தது அடுத்தவர் பெயர்.

2013 கம்பெனிச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில், 2019-இல் திருத்திய 8-ஆவது விதி செய்வதும் இந்தப் பென்சில் வேலைதான். ஒருமை பன்மை, புள்ளி, இடைவெளி, டாட் காம், ஊர்ப் பெயர், எண் எதுவும் கணக்கில் வராது. சொற்களை இடம் மாற்றினாலும் தப்ப முடியாது: 'ரவி பில்டர்ஸ் அண்டு கான்ட்ராக்டர்ஸ்' இருந்தால் 'ரவி கான்ட்ராக்டர்ஸ் அண்டு பில்டர்ஸ்' கிடையாது என்று விதியே உதாரணம் சொல்கிறது. முழுப் பெயரையும் ஆங்கிலத்திலிருந்து இந்திக்கு மாற்றினாலும் அதே கதைதான். எனக்கு இதில் பிடித்தது, காதுக்கும் இடம் கொடுத்திருப்பது. எழுத்து வேறாக இருந்தாலும் ஒலி ஒன்றானால் பெயர் ஒன்றுதான். கடையில் பொருள் கேட்பவர் ஸ்பெல்லிங் சொல்லியா கேட்கிறார்?

புதுக் கம்பெனிக்கு இரண்டு பெயர் வரை கொடுக்கலாம், கட்டணம் 1,000 ரூபாய். ஒப்புதல் கிடைத்தால் 20 நாள் அந்தப் பெயர் உங்களுக்காகக் காத்திருக்கும். அதற்குப் பிறகு கவர் அச்சடியுங்கள். சகோதரர்கள் முதலிலேயே அடித்துவிட்டார்கள். எத்தனை என்று நான் கேட்கவில்லை, அண்ணன் முகமே சொன்னது.

"ஜிஎஸ்டியில இந்தப் பேரு வந்துடுச்சே" என்றார். வரும். அங்கே பார்ப்பது வரிக் கணக்கு, பெயர் யாருடையது என்பதல்ல.

பதிவாகிவிட்டாலும் நிம்மதி இல்லை. உங்கள் பெயர் தன் டிரேட்மார்க் போல இருக்கிறது என்று அதன் உரிமையாளர், கம்பெனி பதிவான 3 வருடத்துக்குள் முறையிடலாம். மாற்றச் சொல்லி உத்தரவு வந்தால் 3 மாதம் அவகாசம். அதற்கும் அசையாவிட்டால், 2021 செப்டம்பரிலிருந்து அரசே புதுப் பெயர் வைத்துவிடுகிறது. 'ஓஆர்டிஎன்சி' (உத்தரவுக்குப் பணியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்), உத்தரவு வந்த வருடம், ஒரு வரிசை எண், எழுத்தும் எண்ணுமாக 21 இடம் கொண்ட கம்பெனி அடையாள எண். இவ்வளவும் சேர்ந்ததுதான் பெயர். அப்பளக் கவரில் அதை அச்சடித்துப் பார்க்கட்டும்.