ஓடுபாதை முதலில், விமானம் பிறகு

சபையோருக்கு வணக்கம். பலாலி விமான நிலையத்துக்குப் பெரிய ஜெட் எப்ப வரும் என்ற பேச்சு எழும்பாத கலியாண வீடு இப்போது யாழ்ப்பாணத்தில் இல்லை. அப்படிக் கேட்பவர்களை மனதில் வைத்துத்தான் பூட்டானின் ட்ருக் எயார் நிறுவனத்தை இன்றைக்குப் பேச எடுத்தேன்.

1960களில் வீதி போடும்வரை, இந்திய எல்லையிலிருந்து பூட்டானின் தலைநகர் திம்புவுக்குப் போவதென்றால் நாட்கணக்கில் நடைதான். அந்த நாட்டில் 1981இல் அரச ஆணையால் ஒரு விமான நிறுவனம் பிறந்தது. 1983 பெப்ரவரி 11ஆம் திகதி, விமான நிலையம் இருக்கும் பாரோ பள்ளத்தாக்கிலிருந்து கல்கத்தாவுக்கு முதல் சேவை. விமானம் டோர்னியர் 228, இருக்கை 18. எங்கள் மினிபஸ்ஸில் இதைவிடக் கூட ஆட்கள் ஏறுவார்கள்!

ஏன் இவ்வளவு சின்னது? காசு மட்டும் காரணமில்லை. பாரோ ஓடுபாதை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,235 மீற்றர் உயரத்தில் கிடக்கிறது. அங்கே காற்று ஐதானது. இறக்கைக்குத் தூக்குவிசையும் குறைவு, என்ஜினுக்கு வலுவும் குறைவு. அதனால் கிளம்புவதற்கு நீண்ட ஓட்டம் வேண்டும். ஓடுபாதையோ அப்போது சுமார் 1,400 மீற்றர்தான். சுற்றிவர 5,000 மீற்றரைத் தாண்டும் சிகரங்கள். நேராக வந்து இறங்க வழியில்லை. விமானி பள்ளத்தாக்கின் வளைவோடு சரித்துச் சரித்துக் கொண்டுவர வேண்டும். ஜன்னலால் பார்த்தால் மலைச்சரிவு வீடுகள் இறக்கைக்குப் பக்கத்தில் போகும். கடைசித் திருப்பத்துக்குப் பிறகுதான் ஓடுபாதை முழுதாகக் கண்ணில் படும். கண்ணால் பார்த்தே இறக்குவதால் வழமையாகப் பகலில் மட்டுமே சேவை. மத்தியானம் திரும்பினால் பள்ளத்தாக்கில் காற்று பலக்கும், ஆகவே காலை நேரம்தான் நல்லது.

1988இல் பிஏஇ 146 ஜெட் வந்தது. சும்மா வரவில்லை, ஓடுபாதையை 2,000 மீற்றருக்குக் கிட்ட நீட்டினார்கள். அந்த விமானத்துக்கு நாலு என்ஜின். ஒன்று நின்றாலும் மற்ற மூன்றும் மலைக்கு மேலே ஏற்றிவிடும். 2004இல் எயார்பஸ் வாங்கியபோதும், ஏ320 இருக்க, அதைவிடக் கட்டையான ஏ319ஐத்தான் எடுத்தார்கள். அதையும் 2003இல் பாரோவிலேயே பறக்கவிட்டுப் பார்த்தார்கள். என்னைக் கேட்டால், இதுதான் கெட்டித்தனம். தேசியக் கொடி பூசிய பெரிய விமானம் வேண்டும் என்று அவர்கள் அவசரப்படவில்லை.

சரி, பலாலிக்கு வருவோம். 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் சேவையே கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து கிளம்பி, இங்கே இறங்கித்தான் சென்னைக்குப் போனது. 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறந்த பிறகு சென்னையிலிருந்து வந்தது ஏடிஆர் 72. "விசிறி பூட்டின பிளேன்தானே" என்று சிலருக்கு இளக்காரம். அந்த ஓடுபாதைக்குப் பொருந்துவது அதுதான் ஐயா. ஜெட் வேண்டுமென்றால் ஓடுபாதையை நீட்ட வேண்டும், நீட்டுவதற்குக் காணி வேண்டும். பலாலியில் காணிப் பேச்சு எடுப்பதென்றால் நிலையத்தைச் சுற்றிக் காணி இழந்த வலிகாமம் வடக்குச் சனத்தை முன்வரிசையில் இருத்தி இன்னொரு கூட்டம் போட வேண்டும். அதில் நான் பேசக்கூடாது, அவர்கள்தான் பேச வேண்டும்.